பிறந்த திகதியையும் சேர்த்துப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் கேவின் மக்கென்னா பற்றி வந்த ஐஸ் ஹொக்கிக் கட்டுரையைப் படித்தேன். ஜூனியர் லீக்கில் புலியாக இருந்தவர் கல்லூரிக்குப் போனதும் பூனையாகிவிட்டார், டிராஃப்டில் (வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லின் அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதலாவதாக எடுக்கும் அணி ஏமாறப்போகிறது என்பதுதான் அதன் சாரம். கட்டுரையாளர் கொடுத்த எண்கள் சரியானவை. 2024-25 பருவத்தில் மெடிசின் ஹட் டைகர்ஸ் என்ற ஜூனியர் அணிக்காக 56 ஆட்டங்களில் 129 புள்ளி (கோலுக்கு ஒன்று, கோலுக்கு உதவிய பாஸான அசிஸ்ட்டுக்கு ஒன்று). பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபின், உலக ஜூனியர் போட்டிக்காகக் கனடா அணி கூடும்வரை, 16 ஆட்டங்களில் 18. இவற்றை அவர் ஒப்பிட்ட விதத்தில்தான் கோளாறு.

கட்டுரையில் எங்குமே இல்லாத ஒரு விபரம் பிறந்த திகதி. மக்கென்னா யூகோனின் வைட்ஹோர்ஸில் 2007 டிசம்பர் 20இல் பிறந்தவர். என்.எச்.எல். டிராஃப்டுக்குத் தகுதிபெற, அந்த ஆண்டு செப்டெம்பர் 15க்குள் 18 வயது நிறைய வேண்டும். அதனால் அவர் 2025ஐ விட்டு 2026க்குத் தள்ளப்பட்டார். தன் தொகுதியில் வயதில் மூத்தவர்களில் ஒருவர். நம் ரொறன்ரோவின் ஒஸ்டன் மத்தியூஸ் பிறந்தது 1997 செப்டெம்பர் 17. இரண்டே நாளில் 2015ஐத் தவறவிட்டு, சூரிச்சில் ஒரு பருவம் ஆடிவிட்டு வந்தார். ரஷ்ய நட்சத்திரம் ஒவெச்கின் பிறந்ததும் செப்டெம்பர் 17தான், 1985இல். 2003இலேயே அவரை எடுத்துவிட ஃபுளோரிடா பாந்தர்ஸ் அணி முயன்றது; லீப் வருடங்களின் கூடுதல் நாட்களைக் கணக்கில் சேர்த்தால் வயது நிறைந்துவிட்டது என்று வாதாடிப் பார்த்தது. லீக் மசியவில்லை.

முதலாவதாக எடுக்கப்பட்ட விங்கர்களில் (ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரர்கள்) இப்படிச் செப்டெம்பர் 15க்குப் பிந்திப் பிறந்தவர்கள் வியப்பூட்டும் அளவுக்கு நிறையப் பேர்: ஒவெச்கின், பட்ரிக் கேன், டெய்லர் ஹோல், நெயில் யாகுபோவ், அலெக்ஸிஸ் லஃப்ரெனியேர். ஒரு முனையில் என்.எச்.எல். வாகைக்கான ஸ்டான்லி கிண்ணத்தை மூன்று முறை வென்ற கேன். மறுமுனையில் 350 ஆட்டங்களில் 136 புள்ளியோடு என்.எச்.எல்.லை விட்டுப்போன யாகுபோவ். பிந்திப் பிறந்தவரின் டிராஃப்ட் வருடம் உண்மையில் அவருடைய 18ஆம் வயதின் வருடம். அந்த வருட எண்களை 17 வயதுக்காரரின் எண்களோடு நேருக்கு நேர் வைத்தால் பார்ப்பவர் ஏமாறுவார். ஜூனியரில் கேன் லண்டன் நைட்ஸுக்காக 58 ஆட்டங்களில் எடுத்த 145உம், லஃப்ரெனியேர் ரிமுஸ்கிக்காக 52 ஆட்டங்களில் எடுத்த 112உம் அந்த வயதில் வந்தவை. மக்கென்னாவின் 129 அதற்கு ஒரு வருடம் முந்தியது. பருவம் தொடங்கியபோது அவருக்கு 17கூட நிறையவில்லை. அதே கட்டத்தில் லஃப்ரெனியேர் 61 ஆட்டங்களில் 105. 2023இல் முதலாவதாக எடுக்கப்பட்ட கொனர் பெடார்டின் 57 ஆட்டங்கள், 143 புள்ளிகளோடு வைத்தாலும், அந்தப் பருவத்தில் பெடார்டைவிட இவர் ஐந்து மாதம் இளையவர். கட்டுரையாளர் வியந்து எழுதிய அந்த 129, அவர் நினைத்ததைவிடவும் பெரிய எண்.

ஆனாலும் பெடார்டுக்குச் சமம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பெடார்டின் 143இல் 71 கோல்கள். ரெஜைனாவில் அவருக்குத் துணை குறைவு. மக்கென்னாவின் 129இல் கோல் 41, அசிஸ்ட் 88. அவர் ஆடியதோ அந்த வருடம் லீக் கிண்ணத்தையே வென்ற அணி. ஒரு கோலுக்கு இரண்டு அசிஸ்ட் வரை கொடுப்பார்கள். கடைசிப் பாஸ் கொடுத்தவருக்கும், அதற்கு முன் பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) வெளியே தள்ளிவிட்டவருக்கும் ஒரே ஒரு புள்ளிதான். ஆகவே அசிஸ்ட் மிகுந்த பையனைப் பார்க்கும்போது, முதல் அசிஸ்ட் எத்தனை, ஐந்துக்கு ஐந்து ஆடும்போது வந்தவை எத்தனை, பவர் பிளேயில் (எதிரணி ஆள் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும்போது) வந்தவை எத்தனை என்று பிரித்துப் பார்க்கவேண்டும். இரண்டாவது அசிஸ்ட்டும் பவர் பிளேப் புள்ளியும் அணிக்கு அணி மாறக்கூடியவை.

இனி, கல்லூரியில் எண் ஏன் விழுந்தது? கனடிய ஜூனியர் லீக்கில் எதிரில் நிற்பவர்கள் 16 முதல் 20 வயது வரை. ஜூனியர் வீரர்களுக்கு அமெரிக்கக் கல்லூரிக் கதவு 2025 ஓகஸ்டில்தான் திறந்தது; அங்கே 22, 23, 24 வயதுக்காரர்கள் பின்களத்தில் நிற்பது வழக்கம். உடல் எடை மட்டுமல்ல வித்தியாசம். மக்கென்னாவின் முக்கிய ஆயுதம் தாமதம். எதிரணியின் பகுதி தொடங்கும் நீலக்கோட்டைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்து, ஸ்கேட்டின் ஓரத்தில் திரும்பி, பின்னால் வரும் கூட்டாளிக்காகக் காத்திருந்து, எதிராளியின் மட்டைக்கும் ஸ்கேட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியால் பாஸ் அனுப்புவார். ஜூனியர் டிஃபென்ஸ்காரர் பயந்து பின்வாங்குவதால் அந்தக் காத்திருப்புக்கு இடம் கிடைக்கும். கல்லூரிக்காரர் பின்வாங்குவதில்லை. நீலக்கோட்டிலேயே நின்று மட்டையை நீட்டி, உட்பக்க வழியை அடைத்து, ஆளை ஓரத்துப் பலகைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிடுவார். அங்கே போய்விட்டால் பாஸுக்கு ஒரு பக்கம் சுவர். கோல் பகுதியோ தூரத்தில். புள்ளி குறைந்த கதை பெரும்பாலும் இதுதான். திறமை ஆவியாகிப் போகவில்லை, அதற்கு வேண்டிய இடமும் நேரமும்தான் சுருங்கின. தவிர, 16 ஆட்டத்தில் 4 கோலா 8 கோலா என்பது கம்பத்தில் பட்ட சில ஷொட்களில் மாறிவிடக்கூடிய கணக்கு. கட்டுரையாளர் அவருடைய கோல் பஞ்சத்தைத் தலைப்பாக்கியது அவசரம்.

கட்டுரையாளர் பிடித்திருக்கவேண்டிய கொம்பு வேறு. 2024இல் முதலாவதாக எடுக்கப்பட்ட மக்லின் செலெப்ரினி பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் 38 ஆட்டங்களில் 64 புள்ளி எடுத்தபோது பருவம் முழுக்க அவருக்கு 17 வயதுதான். ஒக்டோபரில் பிறந்த அடம் ஃபன்டில்லி, மக்கென்னாவைப் போலவே பிந்திய பிறப்பு, மிச்சிகனில் 36 ஆட்டங்களில் 65. ஆட்டத்துக்கு 1.7, 1.8 என்று போன அவர்களுக்கு எதிரே மக்கென்னாவின் அந்த முதல் 16 ஆட்டங்கள் 1.1. அவர்கள் இருவரும் சென்டர்கள் (நடுவில் ஆடுபவர்கள்), தற்காப்புச் சுமையும் தாங்கினார்கள். இதற்குப் பதில் சொல்வது கடினம். மக்கென்னாவை என்.எச்.எல். நட்சத்திரம் கொனர் மக்டேவிட் வரிசையில் வைத்துப் பேசுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

அவரை நேரில் மதிப்பிட விரும்பும் வாசகர்களுக்கு ஒரு யோசனை: புள்ளிப் பட்டியலை மூடிவிட்டு, ஓர் ஆட்டத்தில் அவருடைய ஐந்தாறு ஷிஃப்டுகளில் பக்கைப் பாராமல் அவரை மட்டும் பாருங்கள். ஒரு ஷிஃப்ட், அதாவது ஒரு தடவை களத்தில் நிற்கும் நேரம், முக்கால் நிமிடம்தான். பக்கை இழந்த அடுத்த மூன்று அடிகளில் திரும்பித் துரத்துகிறாரா, சறுக்கிக்கொண்டு நிற்கிறாரா? கோலுக்கு முன்னால் பக்கைப் போட்டு ஆட்டம் தொடங்கும் இரண்டு ஃபேஸொஃப் வட்டங்களின் நடுப்பொட்டுகளுக்கும் இடையே எத்தனை தடவை பக்கைத் தொடுகிறார்? நீலக்கோட்டில் வழி அடைபட்டால் பிடிவாதமாகத் தானே வைத்திருக்கிறாரா, சட்டென்று கொடுத்துவிட்டு உள்ளே ஓடித் திரும்ப வாங்குகிறாரா? கடைசியாகச் சொன்னது பழகினால் வரும். முதலாவது பழக்கினாலும் பலருக்கு வராது. பயிற்சியாளர் மூன்றாம் காலகட்டத்தில் பெஞ்சில் உட்காரவைப்பது அதற்காகத்தான். ஏறத்தாழ 6 அடி, 170 பவுண்டு என்ற உடல்வாகு எனக்குப் பெரிய கவலை இல்லை. கேன் டிராஃப்டுக்கு வந்தபோது அதைவிடச் சிறிய உருவம், முதல் என்.எச்.எல். பருவத்திலேயே 72 புள்ளி. 

ஏமாற்றம் வருமானால் அது எடுக்கும் அணியின் கையால் வரவும் கூடும். லஃப்ரெனியேர் நியூயோர்க் ரேஞ்சர்ஸுக்குப் போனபோது இடது விங்கில் மூத்த வீரர்களான பனாரினும் கிரைடரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். முதல் பவர் பிளே அணியில் இடமில்லை. 56 ஆட்டங்களில் 21 புள்ளி. பின்னாளில் வலது பக்கம் மாற்றி பனாரினோடும் ட்ரோசெக்கோடும் சேர்த்தபோது, 2023-24இல் 28 கோல், 57 புள்ளி. மக்கென்னாவும் இடது விங்கர்தான்.

என் கணிப்பு இது: முதலாவது இடத்துக்கு அவர் தகுதியானவர்தான், ஆனால் பெடார்டுக்கும் செலெப்ரினிக்கும் அரைப்படி கீழே. நல்ல சென்டரோடு முதல் இரண்டு வரிசைகளில் ஆடவிட்டு, பவர் பிளேயில் பக்கைக் கையில் கொடுத்தால், முதல் பருவத்தில் 50 புள்ளியை ஒட்டி வருவார். பெடார்ட் 68 ஆட்டங்களில் 61, செலெப்ரினி 70இல் 63 எடுத்தது அப்படி ஆடவிட்டதால்தான். மூன்றாம் வரிசையில் ஆட்டத்துக்கு 12 நிமிடம் கொடுத்து ‘பொறுப்பு’ கற்பிக்க நினைத்தால் 30ஐத் தாண்டமாட்டார். அப்போது உங்கள் கட்டுரையாளர் தான் சொன்னதே நடந்தது என்று எழுதுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ