664-ஆம் நாள்

ஸ்கார்பரோ
9.2.2025

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள் என்பதைப் படித்ததும் ஒரு நிமிடம் நம்பவே முடியவில்லை. தொட்டிலில் பார்த்த பிள்ளை.

சரி, கனடாவின் நிரந்தர வசிப்புரிமை, அதான் பி.ஆர். பற்றி நீ கேட்டதற்கு வருகிறேன். "ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனால் பி.ஆர். நிற்குமாமே?" நிற்காது மாப்ளே. அது அமெரிக்க கிரீன் கார்டுக்காரர்கள் சொல்லிக்கொள்கிற கதை. அங்கேயே அது முழுசாகச் செல்லாது. இங்கே கணக்கு வேறு. ஐந்து வருடத்தில் 730 நாள் கனடா மண்ணில் இருந்திருக்க வேண்டும். தொடர்ந்து இருக்க வேண்டும் என்றில்லை. இரவு பதினொரு மணிக்கு வந்து இறங்கினாலும் அதை ஒரு நாளாக எடுத்துக்கொள்வார்கள். அந்த மட்டில் தாராளம்தான்.

என் கதை உனக்குப் பாதிதான் தெரியும். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து 2019 நவம்பரில் ஊருக்குப் போனேன். தம்பி வளைகுடாவில் இருந்தான். அப்புறம் கொரோனா, அம்மாவின் படுக்கை, இன்றைக்கு நாளைக்கு என்று மூன்றரை வருடம் ஓடிவிட்டது. எல்லாம் முடிந்து 2023 ஏப்ரல் 18 அன்று டொராண்டோவில் இறங்கினேன். பி.ஆர். கார்டு அப்போது செல்லுபடியாகத்தான் இருந்தது. ஆனால் பின்னோக்கி ஐந்து வருடம் எண்ணிப் பார்த்தால் 540 நாள். 190 குறை.

விமான நிலையக் குடிவரவுக் கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "இத்தனை நாள் ஏன் வரவில்லை?" என்றாள். நான் மஞ்சள் பையை அப்படியே எடுத்து மேசையில் வைத்தேன். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டுகள், மருந்துக்கடை பில்கள், மேலே அம்மாவின் இறப்புச் சான்றிதழ். அவள் அதை மட்டும் எடுத்துத் தேதியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இனி கணக்கை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி உள்ளே விட்டாள். மனிதாபிமானக் காரணங்களைப் பார்க்க அவர்களுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் வேறு யாராவது இருந்திருந்தால் அங்கேயே அறிக்கை எழுதி வெளியேற்ற உத்தரவு போட்டிருக்கலாம். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு, வக்கீல் என்று அலைந்திருப்பேன்.

அன்றிலிருந்து நான் அசையவில்லை. கார்டு போன ஜூனில் காலாவதி ஆனது. கார்டு போனால் பி.ஆர். போய்விடாது, அது வேறு இது வேறு. ஆனால் 730 சேராமல் புதுக் கார்டுக்கு எழுதிப் போட்டால் நானே போய் மாட்டிக்கொண்ட மாதிரி. கார்டு இல்லாமல் ஊருக்குப் போனால், திரும்பி விமானம் ஏறத் தனிப் பயண ஆவணம் வாங்க வேண்டும். அங்கும் இதே கணக்கைத்தான் பார்ப்பார்கள். அதனால் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. அம்மாவின் திவசத்தைத் தம்பி நெல்லையில் தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறையில் கொடுத்தான். நான் இங்கே விடிவதற்கு முன் எழுந்து வாட்ஸாப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயர் மந்திரம் சொல்லும்போது படம் நின்றுவிட்டது. ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

இங்கே தமிழ்க் கடையில் கொடுத்த தினசரி காலண்டர் அடுப்படியில் தொங்குகிறது. தாளைக் கிழித்ததும் பின்னால் நம்பர் எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போடுகிறேன். இன்றைக்கு 664. ஏப்ரல் 16 அன்று 730. வீட்டுக்காரி இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவள் எப்போதோ சிட்டிசன் ஆகிவிட்டாள். சிட்டிசன் மனைவியோடு வெளிநாட்டில் சேர்ந்து இருந்தால் அந்த நாட்களும் கணக்கில் வரும். அவள் பிள்ளைகள் படிப்புக்காக இங்கே இருந்துவிட்டாள், அதனால் எனக்கு அது கிடைக்கவில்லை. நானும் 2019-க்கு முன்பே சிட்டிசன் ஆகியிருக்கலாம். அதற்கு வேண்டிய 1,095 நாள் எனக்கு அப்போதே தாண்டியிருந்தது. நம் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க மனசு வரவில்லை. வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்தியருக்குக் கொடுக்கிற ஓ.சி.ஐ. அட்டை வாங்கினால் ஊரில் வயல் வாங்க முடியாது என்று வேறு ஒரு சாக்கு. வயல் வாங்கினேனா? அதுவும் இல்லை.

இனி உன் கணக்கு. 2022 ஆகஸ்ட் 20 அன்று வந்து இறங்கினாய். இதுவரை மொத்தம் 41 நாள் என்று எழுதியிருக்கிறாய். 2027 ஆகஸ்ட் 19-க்குள் இன்னும் 689 வேண்டும். என்றால் இந்தச் செப்டம்பர் 30-க்குள் வந்துவிட்டு, அதன்பின் ஒரு நாளும் வெளியே போகக் கூடாது. மகள் பரீட்சை மார்ச்சில் முடிகிறது. முடியாத காரியம் இல்லை.

கோவை ஆலோசகர் சொன்னாராமே, கனடாவில் ஒரு கம்பெனி பதிந்து அதன் ஊழியராகக் கோவையிலேயே உட்கார்ந்துகொள்ளலாம் என்று. காசைக் கொடுத்துவிடாதே. இங்கே உண்மையாக நடக்கிற நிறுவனம் உன்னை முழுநேர வேலைக்கு வெளிநாடு அனுப்பியிருந்தால்தான் அந்த நாட்கள் செல்லும். நாள் கணக்குக்காகவே முக்கியமாக நடத்துகிற கம்பெனி செல்லாது என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வர மனசில்லை என்றால் அதையும் சொல். வீடு, வேலை எல்லாம் அங்கே நன்றாக இருக்கும்போது இந்தக் குளிரில் வந்து என்ன செய்யப் போகிறாய் என்று எனக்கே சில நாள் தோன்றும். பி.ஆரைத் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டு, விசா வாங்கிப் பார்வையாளனாக வந்து போகலாம். ஒன்றும் கேவலம் இல்லை. ஆனால் செப்டம்பருக்குள் முடிவு செய்.

நான் ஏப்ரல் கடைசி வரை பொறுத்துத்தான் கார்டுக்கு எழுதிப் போடுவேன். இரண்டு வாரம் கூடுதலாக இருக்கட்டும். நேரத்துக்குக் கார்டு வந்தால் ஆடி அமாவாசைக்குக் குறுக்குத்துறையில் இருப்பேன். நீ கோவையிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்துவிடு.

அன்புடன்,
மணி