ரயிலடி மாடியில் ஒரு மேசை

தஞ்சாவூர்,
கார்த்திகை 10

அன்புள்ள மனோகருக்கு,

போனில் நான் கத்துவதும் நீ "என்ன, என்ன" என்பதும் போதும் என்று கடிதத்துக்கே வந்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை "டிக்கெட் போட்டாச்சா?" என்று கேட்டேன். "ஆமாமா, இங்கேயும் நல்ல குளிர்தான்" என்றாய். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மஸ்கட்டில் அத்தனை வருஷம் லேத் சத்தத்துக்கு நடுவில் நின்றவனுக்கு இடது காது மந்தமானதில் என்ன ஆச்சரியம்? வலது காது இருக்கிறதே, நான் அந்தப் பக்கமே உட்கார்ந்துகொள்கிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். பிரஸ்ஸில் கார்த்திகைக் கல்யாணப் பத்திரிகைகள் நேற்றோடு முடிந்தன, தை முகூர்த்தங்களுக்கு ஆர்டர் வர ஆரம்பித்திருக்கிறது. முன்பெல்லாம் ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் அடிப்போம். இப்போது முந்நூறு அடித்துவிட்டு மிச்சப் பேருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுகிறார்கள். பெரியவள் திருச்சியில் வேலைக்குப் போகிறாள். எனக்குச் சர்க்கரை, மாத்திரையோடு வண்டி ஓடுகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். டவுனுக்குள்ளேயே, நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து நிதானமாகப் பேசுகிற மாதிரி அமைதியான பார் ஒன்று பார்த்து வை என்றாய். படிக்கும்போது சின்ன வேலையாகத்தான் தெரிந்தது. இரண்டு வாரமாகச் சாயங்காலமானால் இதே அலைச்சல். "மனோகருக்காகத்தான்" என்று வீட்டில் சொன்னால் நம்புகிற முகமா அது?

மதுக்கடையை ஒட்டினாற்போல் இருக்கிற பார்களை முதலிலேயே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். அங்கே யாரும் பேச வருவதில்லை. ஒரு குவார்ட்டரை இரண்டு பேராகப் பங்கு போட்டு, ஆளுக்கொரு கட்டிங்கை நின்றபடியே ஊற்றிக்கொண்டு, சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். உழைத்து அலுத்து வருகிறவனுக்கு அது போதும். நம் கதைக்கு ஆகாது.

அடுத்து ஏசி பார்கள். ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்தில் இருக்கிறது என்று சொன்னார்கள், போனேன். உள்ளே நுழைந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மங்கலான நீல விளக்கு, மெனு அட்டையைப் படிக்க செல்போன் டார்ச் அடித்தேன். இதைத்தான் 'நல்ல ஆம்பியன்ஸ்' என்கிறார்கள். எனக்கென்னவோ, நம் ஊர் பாரில் விளக்கை மங்கலாக வைப்பது ரசனைக்காக இல்லை, முகம் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் என்று படுகிறது. உள்ளே வந்தவர்கள் முதலில் சுற்றிப் பார்த்தது மேசையை இல்லை, தெரிந்த ஆள் யாராவது இருக்கிறார்களா என்றுதான். நானும் அப்படித்தான் பார்த்தேன், எதற்கு ஒளிக்க வேண்டும்.

அதைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. நம் அப்பாக்கள் காலத்தை நினைத்துப் பார். 1948-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-இல் திறந்தார்கள், 1974-க்குள் மறுபடி மூடியாயிற்று. 1981-இல் திரும்பத் திறந்தார்கள். 1987-இல் கள்ளும் சாராயமும் போயின. 2003-இல் சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. இப்படித் திறந்து திறந்து மூடின கதவுக்குப் பின்னால் நிதானமாக உட்கார யாருக்குப் பழக்கம் வரும்? மறைவும் அவசரமும்தான் பழகும்.

ஆனால் அந்த ஏசி பாரை நான் வேண்டாம் என்றது இருட்டுக்காக இல்லை. தரை கிரானைட், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியாயிற்று. எவனோ ஒரு மூலையில் கிளாஸை வைத்தால் அந்தச் சத்தம் கூடத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு நம் மேசைக்கு வருகிறது. போதாததற்கு மூலைக்கொரு ஸ்பீக்கர், கிரிக்கெட் ஓடுகிற டிவி. பாட்டுக்கு மேல் பேச எல்லாரும் குரலை உயர்த்துகிறார்கள், அதற்கு மேல் கேட்கப் பாட்டைக் கூட்டுகிறார்கள். உன் காதுக் கருவி பேச்சை மட்டும் பொறுக்கியெடுத்துக் கொடுக்காது, இரைச்சலையும் சேர்த்துத்தான் ஏற்றிக் கொடுக்கும் என்று நீதானே எழுதியிருந்தாய். அங்கே உன்னை உட்கார வைத்தால் மறுபடியும் "இங்கேயும் நல்ல குளிர்தான்" கதைதான்.

கடைசியில் அகப்பட்டது ரயிலடிப் பக்கம், ஒரு பழைய ஓட்டலின் மாடியில். வருஷக்கணக்காக அதன் கீழே நடந்து போயிருக்கிறேன், மேலே பார் இருப்பதே தெரியாது. ஏசி கிடையாது, மின்விசிறிதான். மரநாற்காலிகள், ஜன்னலுக்குக் கனத்த துணித்திரை, தரையில் கயிற்றுப் பாய். இந்தப் பாயும் திரையும்தான் விஷயமே. சத்தத்தை இவை குடித்துவிடுகின்றன. எதிரில் இருப்பவரிடம் சாதாரணக் குரலில் பேசலாம். ஜன்னலுக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம், நான் போனபோது இலையெல்லாம் மூடிக்கொண்டு நின்றது. அவ்வப்போது ஸ்டேஷனிலிருந்து "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" கேட்கிறது, அது தொந்தரவாகவே இல்லை. விளக்கும் பளிச்சென்று இருக்கிறது, பயந்துவிடாதே. நம் வயசுக்கு யாரிடம் முகத்தை மறைக்கப் போகிறோம்?

குறையும் சொல்லிவிடுகிறேன். கழிவறைக்குப் பின்பக்கப் படி இறங்கிப் போக வேண்டும். கொசு உண்டு. சாப்பாட்டில் பெப்பர் சிக்கன் கேட்காதே, நேற்று வைத்ததைச் சூடு பண்ணின மாதிரி இருந்தது. ஆம்லெட்டும் வெங்காயம் போட்ட வேர்க்கடலையும் சொல்லிக்கொள்ளலாம். சப்ளையர் வயசானவர், வேட்டி கட்டியவர். கிளாஸ் காலியானதும் வந்து தலைமாட்டில் நிற்கவில்லை, கூப்பிட்டால் மட்டும் வந்தார். அது ஒன்றுக்கே அவருக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். நான் எலுமிச்சை சோடா குடித்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் மனோகரா, இடத்தைவிட நாள்தான் முக்கியம் என்று இந்த அலைச்சலில் புரிந்துகொண்டேன். இதே மாடிக்கு முதலில் ஒரு புதன்கிழமை போனேன், கோயில் மாதிரி இருந்தது. அடுத்த வாரம் உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று போனால் சந்தைக்கடை. மூன்று மேசையைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு பதினைந்து பையன்கள். என்ன விசேஷம் என்று யோசித்தால், மறுநாள் வளர்பிறை முகூர்த்தம்! பக்கத்து மண்டபத்துக் கல்யாணத்துக்கு நானே பத்திரிகை அடித்திருக்கிறேன். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் முந்தின நாள் ராத்திரி வேறு எங்கே போவார்கள்? முப்பது வருஷமாக முகூர்த்தக் காலண்டரைப் பார்த்துத்தான் பிழைக்கிறேன், இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டாமா?

அந்தக் கணக்கில் பார்த்தால் நீ வருகிற மார்கழியைவிட நல்ல மாசம் கிடையாது. கல்யாணம் இல்லை. அதோடு ஊரில் பாதிப் பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள். மண்டலம் முடிந்தும் மகர விளக்கு வரைக்கும் விரதம் இருக்கிற ஆட்கள் உண்டு. என் பிரஸ்ஸிலேயே பைண்டிங் பையன்கள் இரண்டு பேர் கறுப்பு வேட்டிதான். டிசம்பர் 31 மட்டும் வேண்டாம், அன்றைக்குப் பைக் சத்தமே போதும். பொங்கலை ஒட்டியும் வேண்டாம். திருவள்ளுவர் தினத்துக்குக் கடை கிடையாது என்று முதல் நாளே நெரிசல் வந்துவிடும். ஆகவே டிசம்பர் கடைசி வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஆறு மணி. எட்டு மணிக்கு மேல் கூட்டம் ஏறுகிறது, நாம் அதற்குள் இறங்கிவிடலாம்.

காரைக்காலுக்குப் போகலாமே என்று நீ சொல்வாய், தெரியும். விலை குறைவு, கள்ளும் கிடைக்கும், பழைய நினைப்பும் இருக்கும். அந்த நினைப்பு எனக்கும் இருக்கிறது. நண்டலாறு செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் பையைக் குடையும்போது நீ வாந்தி வருகிற மாதிரி நடித்ததும், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு மாயவரம் ஜங்ஷன் பெஞ்சில் விடிய விடியப் படுத்திருந்ததும் மறக்குமா? ஆனால் சுற்றுப்பட்ட மாவட்டத்து ஜனமெல்லாம் அங்கேதான் போய் இறங்குகிறது. சத்தத்துக்குச் சத்தம், தூரத்துக்குத் தூரம். பகலில் போய் அரசலாற்றுக் கரையோரம் கடல் பார்த்துவிட்டு வரலாம், அதற்கு மட்டும் சம்மதம்.

அன்றைக்கு நான் வண்டி எடுக்கப் போவதில்லை. குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அந்தக் காசுக்கு நூறு ஆம்லெட் சாப்பிடலாம். டாக்டர் எனக்கு ஒரு சின்ன பெக் வரைக்கும் கண்ணை மூடிக்கொள்வார் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் ஆற்றுப்பாலம் வரைக்கும் நடந்து வரலாம். மேட்டூரை வழக்கப்படி ஜனவரி 28-இல்தான் மூடுவார்கள், அதனால் புதாற்றில் தண்ணீர் இருக்கும். பாபநாசத்துக்கு அந்த நேரத்தில் கிளம்ப வேண்டாம், நம் வீட்டிலேயே படுத்துக்கொள். தங்கச்சியிடம் காலையிலேயே சொல்லிவிட்டு வா.

சப்ளையரிடம் ஜன்னலோர மேசையைச் சொல்லி வைத்திருக்கிறேன். "எத்தனை பேர்?" என்றார். "ரெண்டே பேர், அதில் ஒருத்தருக்கு ஒரு காது" என்றேன். மறுபேச்சில்லாமல் போய் மேசையைச் சுவர்ப்பக்கம் ஓரடி நகர்த்திப் போட்டுவிட்டார்.

வரும்போது காதுக் கருவிக்கு மாற்று பேட்டரி இரண்டு ஜோடி எடுத்து வா. அந்தச் சின்ன சைஸ் இங்கே நான் விசாரித்த கடைகளில் இல்லை.

அன்புடன்,
சாமிநாதன்