குவாத்தமாலா நாடாளுமன்ற உறுப்பினர்களே, நெசவுப் பெண்களின் சட்டம் என்ன ஆயிற்று?

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

2017இல் உங்கள் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னதை நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. மாயா பழங்குடிப் பெண்கள் நெய்யும் துணிகளின் மீது அந்தந்தச் சமூகங்களுக்குக் கூட்டுரிமை தரும் சட்டம் வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது உங்களைத்தான். வழக்குத் தொடுத்தவர்கள் நெசவுப் பெண்கள். இத்தனை வருடமாக அந்தச் சட்டம் ஏன் வரவில்லை?

நான் துணி வாங்கி விற்கும் வெளிநாட்டுக்காரன், என் கையில் ஓட்டுகூட இல்லை. ஆனால் போன வியாழக்கிழமை சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தையில் பார்த்தது மனசை விட்டுப் போகவில்லை. ஒரு அம்மா தான் நெய்த வீபிலை, அதுதான் அந்த ஊர்ப் பெண்கள் போடும் மேல்சட்டை, தரையில் விரித்து உட்கார்ந்திருந்தார். அதில் அந்த ஊருக்கே உரிய இரட்டைத்தலைக் கழுகு. பக்கத்துக் கடையில் அதே கழுகு பாலியஸ்டரில் மெஷின் அச்சாகத் தொங்குகிறது. வந்த பயணி அதைக் காட்டி, உங்களுடையது மட்டும் ஏன் இவ்வளவு விலை என்று பேரம் பேசுகிறார்.

அந்த அம்மா என்ன பதில் சொல்வார்? இடுப்புத் தறியின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்போடு கட்டி, மண்டியிட்டு உட்கார்ந்து, சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே மாதக்கணக்கில் நெய்ததைப் பேரத்துக்கு நடுவில் எப்படி விளக்குவது? நூல் செலவு போக மிஞ்சுவது நாள்கூலிக்குக்கூடக் காணாது. உள்ளூர்ப் பெண்களே இப்போது அச்சுத் துணி வாங்குகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவர்களால் முடிந்தது அவ்வளவுதான். பழைய வீபில்களையோ யாரோ வாங்கி வெட்டி, கைப்பையாகத் தைத்து நல்ல லாபத்துக்கு விற்கிறார்கள். கழுகு யாருடையது என்று கேட்க ஒரு சட்டம் இல்லை. அந்தச் சட்டத்தைத்தான் கேட்கிறேன்.

உங்கள் 25 சென்டாவோ நாணயத்தில் சான்டியாகோ அதித்லான் ஊர்ப் பெண்ணின் முகம், சுற்றுலா விளம்பரம் முழுக்க மாயா பெண்களின் உடை. காசில் அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்குச் சட்டப் புத்தகத்தில் அச்சடிக்க மட்டும் மை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது! 1996இல் முடிந்த உள்நாட்டுப் போரில் எந்த ஊர் வீபில் என்று பார்த்தே ராணுவம் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும் என்று பயந்து அதைக் கழற்றி வைத்த பெண்கள் உண்டு. இன்றும் நகரத்துக்குப் போனால் பெயர்கூடக் கேட்காமல் மாயா பெண்கள் எல்லோரையும் ‘மரியா’ என்று கூப்பிடுகிறார்கள். அரசு சேவைகள் மாயா மொழிகளிலும் கிடைக்க வேண்டும் என்று 2003இல் நீங்களே போட்ட மொழிச் சட்டம் இருக்கிறது, ஆனால் கிச்சே என்ற மாயா மொழி மட்டுமே பேசும் பாட்டி ஆஸ்பத்திரிக்குப் போனால் மொழிபெயர்க்கப் பேத்தியைத்தான் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. போட்ட சட்டத்துக்கே இந்தக் கதி என்றால் போடாத சட்டத்தைப் பற்றி என்ன பேச!

சரி, கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான். நீதிமன்றம் சொன்ன அந்தக் கூட்டுரிமைச் சட்டத்தை இந்தக் கூட்டத்தொடரிலேயே விவாதத்துக்கு எடுத்து நிறைவேற்றுங்கள். விவாதிக்கும்போது நெசவுப் பெண்களையும் அழைத்துப் பேசவிடுங்கள். மொழிபெயர்ப்பாளரை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள், தயவுசெய்து.