கேட்டுவிட்டுக் கொடுத்தவர்களுக்கு

அமெரிக்காவிலுள்ள எங்கள் சகோதரத் திருச்சபைப் பங்கின் அன்புள்ள மக்களுக்கு,

நாம் சேர்ந்து கட்டிய மழைநீர்த் தொட்டி நிரம்பிவிட்டது. அதைச் சொல்லத்தான் அவசரமாக இந்த மடல். போன வாரம் பெய்த மழை பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையிலிருந்து குழாய் வழியே இறங்கி, விளிம்புவரை நிற்கிறது. பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள்.

2021 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை காலை. மறுநாள் அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா என்பதால் ஆலயத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தோம். 7.2 அளவு நிலநடுக்கம் ஹைட்டியின் இந்தத் தென் தீபகற்பத்தையே உலுக்கிப் போட்டது. திங்கட்கிழமை கிரேஸ் புயலின் மழை வேறு, கூரை இழந்தவர்கள் தலையிலேயே கொட்டியது. அந்த நாட்களில் நீங்கள் பொருள்களைக் கட்டி அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடவில்லை. 'எதை முதலில் செய்ய உங்கள் பங்குக் கூட்டம் முடிவெடுத்தது?' என்று எங்களைக் கேட்டீர்கள்.

எங்கள் கூட்டமோ மூன்று ஞாயிறு சண்டை போட்டது! ஆலயச் சுவர்தான் முதலில் என்றார்கள் பெரியவர்கள். விடியுமுன் வாளியோடு ஓடைக்கு இறங்கி ஏறும் பெண்கள், தண்ணீர்தான் என்றார்கள். பெண்கள் வென்றார்கள். திருப்பலி இன்னமும் கொட்டகையில்தான் நடக்கிறது; யாரும் குறைப்பட்டுக்கொள்வதில்லை, பாடகர் குழுவைத் தவிர.

சிமெண்டும் கம்பியும் உங்கள் காசு. மண் தோண்டியதும் கல் சுமந்ததும் எங்கள் கோன்பிட். சங்கு ஊதினால் ஊரே மண்வெட்டியோடு கூடி, மேளத்துக்கு ஏற்பப் பாடிக்கொண்டே வேலை செய்யும் பழைய வழக்கம் அது. 'கைகள் பல இருந்தால் சுமை கனக்காது' என்பது எங்கள் கிரேயோல் மொழிப் பழமொழி. அந்தக் கைகளில் உங்களுடையவையும் உண்டு.

பள்ளி மதிய உணவுக்கு அரிசி மூட்டைகளைக் கப்பலேற்றாமல், இங்குள்ள சந்தையிலேயே சோளமும் பயறும் வாங்கச் சொன்னீர்களே, அதற்குத் தனியாக ஒரு கும்பிடு. 1995-இல் அரிசி இறக்குமதித் தீர்வை 3 சதவீதமாகக் குறைந்தபின் அமெரிக்க அரிசி மலிவாக வந்து குவிந்தது; அர்ட்டிபோனிட் பள்ளத்தாக்கின் நெல் உழவர்கள் நொடித்துப்போனார்கள். நல்ல மனதோடு வரும் இலவச மூட்டையும் அதே கேட்டைச் செய்துவிடும். நீங்கள் வாங்கச் சொன்ன பயறை விளைவித்தவர்களின் பிள்ளைகளே அதைச் சாப்பிடுகிறார்கள்.

ஆசிரியர் சம்பளத்துக்கும் நன்றி. சம்பளத்தைப் படம் பிடித்து அனுப்ப முடியாது. அதனால்தானோ என்னவோ, அதற்குக் கொடுக்க முன்வருபவர்கள் குறைவு. நீங்கள் கொடுத்தீர்கள். பள்ளி ஒரு நாளும் மூடவில்லை. (நீங்கள் முதல் முறை அனுப்பிய பெட்டியில் இருந்த கம்பளிக் கோட்டுகளும் வீணாகவில்லை. மடித்துத் தலையணையாக வைத்திருக்கிறோம்.)

தலைநகர் போர்ட்டோ பிரின்ஸிலிருந்து எங்கள் பக்கம் வரும் சாலை 2021 ஜூனிலிருந்து ஆயுதக் கும்பல்கள் கையில். 2024 நவம்பரில் விமானங்கள் சுடப்பட்டபின் அமெரிக்காவிலிருந்து தலைநகருக்கு விமானமும் நின்றுபோனது. வர முடியாவிட்டாலும் மாதம் தவறாமல் தொலைபேசியில் கூப்பிடுகிறீர்கள். கணக்கு கேட்கும் முன் நோயாளிகளை விசாரிக்கிறீர்கள்.

செலவுக் கணக்கு இத்துடன் இருக்கிறது. ஆலயச் சுவருக்கு நாங்களே சேர்க்கத் தொடங்கிவிட்டோம்; அதற்கு இப்போது எதுவும் அனுப்ப வேண்டாம்.

கடைசியாக வந்தபோது உங்களில் ஒருவர் விட்டுச்சென்ற நீலக் குடை பங்கு இல்லத்துக் கதவோரம் பத்திரமாக இருக்கிறது. மழை நாளில் உபதேசியார் எடுத்துப் போகிறார். உரியவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
பங்குப் பேரவையினர்
நிப் மலைப் பங்கு, ஹைட்டி