நீ போனில் கேட்டதற்கு

அன்பு மகன் சேவியருக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கு நலம். உன் நலம் அறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, "வேலையும் போச்சு, அப்பாவுக்கும் இப்படி ஆயிடுச்சு, இதுல எதுக்கும்மா பூசைக்குப் போய் நன்றி சொல்லச் சொல்ற?" என்று. எனக்கு அப்போது பதில் வரவில்லை. போனில் எனக்குப் பேச்சு ஓடாது, அதனால் எழுதுகிறேன்.

கண்ணு, நானும் அப்படித்தான் இருந்தேன். 2025 சீசனில் நம் தோட்டத்துப் பெங்களூரா மாம்பழத்தைக் கிலோ 5 ரூபாய்க்குக் கேட்டார்கள். பறிக்கிற கூலி, வண்டி வாடகை எல்லாம் கணக்குப் போட்டால் நாம்தான் கைக்காசு போட வேண்டும். அப்பா மரத்திலேயே விட்டுவிட்டார். ராத்திரியெல்லாம் பழம் பொத்துப் பொத்தென்று விழும். காலையில் கதவைத் திறந்தால் புளித்த வாடை. அந்த வாடை அடங்கும் முன்னே அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆறு வாரம் நான் கோயிலில் வாயே திறக்கவில்லை. எல்லாரும் பாடுவார்கள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆண்டவர் அதற்காக என்மேல் கோபப்பட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு நாள் பூசையில், அப்பத்தைத் தூக்கிக் காட்டும் முன் சாமியார் சொல்கிற வார்த்தை காதில் விழுந்தது. நீ பீடச் சிறுவனாக மணியடித்த காலத்தில் எத்தனையோ தடவை கேட்டதுதான். காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த ராத்திரியில் ஆண்டவர் அப்பத்தை எடுத்து நன்றி சொன்னார். எந்த ராத்திரி, பார்! யூதாஸ் அதே பந்தியில் கை நனைத்தவன். விடிந்தால் சிலுவை. காட்டிக்கொடுத்ததற்கா அவர் நன்றி சொன்னார்? இல்லை. கொஞ்ச நேரம் கழித்து கெத்சமனித் தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து, இந்தத் துன்பம் வேண்டாம் என்று மன்றாடியவரும் அவர்தான். கையில் இருந்த அப்பத்துக்குத்தான் நன்றி சொன்னார். அந்த அப்பத்தை நாம் நற்கருணை என்கிறோமே, கிரேக்கத்தில் அதன் பெயருக்கே நன்றி செலுத்துதல் என்றுதான் பொருள்.

வீட்டுக்கு வந்து கடன் நோட்டை எடுத்தேன். நகைக்கடன் வட்டியும் மருந்துக்கடை பாக்கியும் எழுதுகிற நோட்டு. திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று, யார் எது கொடுத்தாலும் அதில் எழுதி வைத்திருந்தேன். முனியம்மா அக்கா, பால் அரை லிட்டர், 41 நாள். காசு வேண்டாம் என்று சொன்னதோடு, அப்பா எழுந்து நடந்தால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாகவும் வேண்டியிருக்கிறார். நம்மோடு கூடி ஜெபிக்கிற அன்பியத்துக் குடும்பங்கள், அரிசி ஒரு மூட்டை. ஆட்டோத் தம்பி, கிருஷ்ணகிரிக்கு 6 தடவை, டீசல் காசு மட்டும். திருப்பிக் கொடுக்கவே முடியாத வரிகள்தான் அந்த நோட்டில் அதிகம். ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தேன். அன்றைக்கு அதுதான் என் ஜெபம். அழுகையும் வந்தது.

சேலத்திலிருந்து பிரிந்து நம் தருமபுரி மறைமாவட்டம் வந்த அதே 1997இல்தான் நீயும் பிறந்தாய். எட்டாம் மாதமே பிறந்த பிள்ளை, ஒரு சாண்தான் இருப்பாய். ஞானஸ்நானத்துக்கு உன்னை அப்பா வலது கையில் ஏந்திக்கொண்டு போனார், யாரிடமும் கொடுக்கவில்லை. நேற்று அவருக்குக் களி கிண்டி, கீரை கடைந்து தட்டை முன்னால் வைத்தேன். ஸ்பூனை எடுக்கவில்லை. அந்த வலது கையை இடது கையால் மெல்லத் தூக்கி நெற்றிக்குக் கொண்டு போனார். அப்புறம் மார்பு. தோளுக்குப் போகும்போது நழுவி மடியில் விழுந்தது. மறுபடியும் தூக்கினார். நான் உதவப் போனேன், தலையை ஆட்டி வேண்டாம் என்றார். சிலுவை போட்டு முடித்த பிறகுதான் சாப்பிட்டார். களி ஆறிப் போயிருந்தது.

உன் வேலை போனது நல்லதுக்குத்தான் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆறு வருஷம் உழைத்தவனை ஒரே மின்னஞ்சலில் அனுப்பியது அநியாயம், எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. நீ பூசைக்குப் போ. பாட வராவிட்டால் பாட வேண்டாம், சும்மா நின்றுவிட்டு வா. உனக்குச் சோறு போடுகிற அந்த ரூம் நண்பனிடம் ஒரு வார்த்தை சொல்.

பணம் அனுப்பாதே. கிறிஸ்துமஸுக்கு வா. புனேயிலிருந்து பெங்களூர் வந்துவிட்டால் கிருஷ்ணகிரிக்கு எந்நேரமும் பஸ் இருக்கிறது. மரத்தில் இலை கறுத்துத் தடித்திருக்கிறது, தை மாதம் பூ எப்படி வருமோ தெரியவில்லை. வந்து நீயும் ஒரு தடவை பார்.

உன் அம்மா