ஜெராக்ஸ் கடைக்காரன் எழுதுறேன், ரிசர்வ் பேங்க்குக்கு

ரிசர்வ் பேங்க் கவர்னர் ஐயாவுக்கும் அங்க ஒக்காந்து ரூல்ஸ் எழுதுற ஆபீசருங்களுக்கும் வணக்கம்.

நான் பாலக்கோடு பக்கம் ஒரு பேங்க்குக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். மொதல்லயே உண்மைய சொல்லிடறேன், உங்க ரூல்ஸ்தான் எனக்கு சோறு போடுது. திங்கக்கெழமை ஷட்டர தூக்கறதுக்குள்ள பத்து பேரு நிப்பாங்க, ஆதார் ரெண்டு காப்பி, பாஸ்புக் மொத பக்கம் ஒண்ணு, போட்டோ ரெண்டு. அப்படி இருந்தும் இத கொறைங்கனு கேக்கறேன்.

2025 நவம்பர்ல 9,000க்கு மேல இருந்த சர்க்குலர எல்லாம் சுருக்கி, தலைப்பு வாரியா தொகுத்த 244 மாஸ்டர் டைரக்‌ஷனா ஆக்கிட்டீங்கனு படிச்சேன். நல்ல வேலதான், பேங்க் அலமாரில எடம் மிச்சம். ஆனா என் கடைல ஒரு காப்பி கூட கொறையலையே சார்.

போன மார்கழில ஒரு அக்கா வந்தாங்க, தக்காளி பறிக்க போறவங்க, 2014ல ஜன்தன் கணக்கு ஆரம்பிச்சப்போ லைன்ல நின்னு தொறந்த ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட், பத்து வருஷம் ஆயிடுச்சா, கேஒய்சி, அதாவது ஆளு யாரு, அட்ரஸ் என்னன்னு காட்டற விவரம், புதுப்பிக்கலனு பணம் எடுக்க முடியாம நிறுத்திட்டாங்க. மொத நாள் ஆதார் காப்பி கேட்டாங்க, ரெண்டாவது நாள் போன் நம்பர் சேரலைனாங்க, மூணாவது நாள் கைரேக விழல. தக்காளி செடில கறுத்துப்போன வெரல்ல எங்கங்க ரேக இருக்கும்? மூணு நாள் கூலி போச்சு, பஸ் காசு தனி.

இதுல கொடும என்னன்னா உங்க ரூல்ல இவ்ளோ கெடுபிடியே இல்ல. பேரு, அட்ரஸ் எதுவும் மாறலைனா மாறலனு எழுதிக் குடுத்தாலே போதும்னு நீங்களே சொல்லிருக்கீங்க. ரிஸ்க் கம்மியான கணக்கு எதையும் 2026 ஜூன் 30 வரைக்குமாவது நிறுத்தக் கூடாதுனு 2025 ஜூன்லயே சொல்லிட்டீங்க. பஞ்சாயத்து பஞ்சாயத்தா கேம்ப் கூட போட வெச்சீங்க. அப்புறம் ஏன்? கவுண்டர்ல இருக்கற தம்பிய கேட்டேன், "இன்ஸ்பெக்‌ஷன்ல பேப்பர் இல்லைனா என்ன கேப்பாங்கண்ணா, அதிகமா வாங்கினா யாரும் கேக்க மாட்டாங்க"னு சொன்னாரு. அவ்ளோதான் சார் விஷயம். அவர் மேலயும் தப்பு சொல்ல முடியல.

அதனால ரூல் எண்ணிக்கைய அப்புறம் எண்ணிக்கலாம். தேவையில்லாத பேப்பர் கேட்டாலும் குத்தம்னு இன்ஸ்பெக்‌ஷன் லிஸ்ட்ல ஒரு வரி சேருங்க. நீங்க காது குடுத்து கேப்பீங்கனு தெரியும், நகைக்கடன் விஷயத்துல 2025 ஏப்ரல்ல புது ரூலுக்கு டிராஃப்ட் விட்டப்போ ஊரே பயந்துச்சு (பாட்டி சங்கிலிக்கு யார்கிட்ட பில் இருக்கு?), ஜூன்லயே 2.5 லட்சம் வரைக்கும் கடன் வாங்கறவங்களோட வருமானத்த ரொம்ப நோண்ட வேணாம்னு மாத்துனீங்க.

எல்லாத்தையும் தளத்துங்கனு சொல்ல வரல. லோன் ஆப்ல மூவாயிரம் வாங்கிட்டு போன எடுக்கவே நடுங்கற பசங்க எங்க ஊர்லயும் இருக்காங்க, அங்க நல்லா இறுக்குங்க, கயித்த தக்காளி பறிக்கற அக்கா கழுத்துல போடாதீங்க.

"இதெல்லாம் கொண்டு வர வேணாம்"னு தமிழ்ல ஒரே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்க. பிரிண்ட், லேமினேஷன் என் செலவு, கவுண்டர் பக்கத்துல ஆணி நானே அடிச்சுக்கறேன்.

இப்படிக்கு,
பாலக்கோடு ஜெராக்ஸ் கடைக்காரன்