தொட்ட பிறகு கழுவுகிறோம், தொடும் முன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே 5, உலகக் கை சுகாதார நாள் வந்தால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து மருத்துவமனைகளில் கை தேய்க்கும் படிகளைப் படமாக ஒட்டுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள். நல்லதுதான். ஆனால் படி தெரியாததால் இங்கே தொற்று பரவுவதில்லை. தப்பு நடக்கிற இடம் வேறு.

உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதல் ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், ஊசி, டிரெஸ்ஸிங் போன்ற வேலைக்கு முன், ரத்தம், சிறுநீர் பட்டிருக்கலாம் என்ற நிலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவர் கட்டில், சாமான்களைத் தொட்ட பின். ரத்தம் பட்டால் யாரும் சொல்லாமலே கை கழுவ ஓடுகிறோம். அருவருப்பே தள்ளிக்கொண்டு போய்விடும். தொடும் முன் அந்தத் தள்ளுதல் கிடையாது. கை பார்க்கச் சுத்தமாகத்தானே இருக்கிறது! அதனால் கை கழுவுவது நம்மைக் காத்துக்கொள்ளும் பழக்கமாக நின்றுபோய், நோயாளியைக் காக்கும் பாதி விட்டுப்போகிறது.

வென்ஃப்ளானில், அதாவது மருந்து ஏற்றக் கை நரம்பில் செருகி வைத்திருக்கும் சின்னக் குழாயில், மருந்து போடுவதையே பாருங்கள். சிஸ்டர் நர்சிங் ஸ்டேஷனில் ஹேண்ட் ரப்பால் (கையில் தேய்க்கும் ஸ்பிரிட் திரவம்) ஒழுங்காகக் கை தேய்த்துவிட்டு டிரேயோடு வருகிறார். ஸ்கிரீனை இழுக்கிறார், கட்டில் கம்பியை இறக்குகிறார், போர்வையை விலக்குகிறார், அடித்த செல்போனை அமர்த்துகிறார். பிறகு அதே விரலால் வென்ஃப்ளான் மூடியைத் திறக்கிறார். ஸ்டேஷனில் தேய்த்தது மூடியைத் தொடுமுன்பே வீணாகிவிட்டது. எல்லாவற்றையும் விலக்கி, மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு, கடைசியாகக் கை தேய்க்க வேண்டும். பிறகு மருந்து போகும் வாயை ஸ்பிரிட் பஞ்சால் 15 விநாடி அழுத்தித் துடைத்து, உலரவிட்டு, அப்புறம்தான் சிரிஞ்சைப் பொருத்த வேண்டும். இதற்கு ஹேண்ட் ரப் பாட்டில் கட்டில் கால்மாட்டில், கை எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். வார்டு வாசலில் ஒன்று மட்டும் மாட்டிவிட்டு ஊழியரைக் குறை சொல்வது நியாயமில்லை.

அளவிலும் கோட்டை விடுகிறோம். உள்ளங்கைக் குழி நிறையும் அளவு, சுமார் 3 மில்லி வேண்டும். ஒரு அமுக்கில் ஒன்றரை மில்லி வரும் பாட்டில் என்றால் இரண்டு அமுக்கு. 20 முதல் 30 விநாடி கை ஈரமாக இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து விநாடியிலேயே காய்ந்தால் எடுத்தது போதவில்லை. அக்னி நட்சத்திரத்தில், ஃபேனுக்குக் கீழே நின்று தேய்த்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்ததை வைத்து வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. கட்டைவிரலும் விரல் நுனிகளும்தான் அதிகம் விட்டுப்போகும் இடங்கள். நாடி பார்ப்பதும் மூடி திறப்பதும் அந்த நுனிகளால்தான். மோதிரம், வளையல், நீள நகம் இருந்தால் எவ்வளவு தேய்த்தும் முழுப் பயன் கிடைக்காது.

கோடையில் குழாயில் தண்ணீர் நின்றாலும் ஹேண்ட் ரப் கைகொடுக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு, ரத்தம் இருந்தாலும், பேதி நோயாளியைப் பார்த்தாலும் சோப்பும் தண்ணீரும்தான், 40 முதல் 60 விநாடி. சில பேதிக் கிருமிகளின் வித்துகள் ஸ்பிரிட்டில் சாகாது. சோப்பு போட்ட கையோடு உடனே ஹேண்ட் ரப்பும் போட்டால் தோல் வெடிக்கும். கை எரிகிறது என்று தேய்ப்பதையே விட்டவர்கள் உண்டு. திரவ சோப்பு பாட்டிலில் மிச்சத்தின் மேலேயே ஊற்றி நிரப்புவதும் ஆபத்து, அடியில் கிருமி வளரும். காலி செய்து, கழுவி, உலர்த்தித்தான் நிரப்ப வேண்டும். பொதுத் துண்டு வேண்டவே வேண்டாம்.

கிளவுஸ் தரும் தைரியம்தான் எங்களை அதிகம் வருத்துகிறது. யூரோ பேக்கை (சிறுநீர்ப் பை) காலி செய்த அதே கிளவுஸோடு பக்கத்துக் கட்டில் டிரிப் சக்கரத்தைத் திருப்புகிறார்கள். ஊழியர் கை சுத்தம், நோயாளிக்குக் கிருமி! ஒரு நோயாளிக்கு, ஒரு வேலைக்கு ஒரு ஜோடி. போடும் முன்னும் கழற்றிய பின்னும் கை தேய்க்க வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், கழற்றும்போதும் கையில் படலாம்.

ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் ஒவ்வொரு கட்டிலிலும் தேய்த்தால் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் தேய்ப்பார்கள். அவர் தேய்க்காவிட்டால் ஜூனியர் கை பாட்டிலுக்குப் போகாது. கூட இருக்கும் உறவினருக்கும் சொல்லித்தர வேண்டும். வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வந்து, வேலூர் காந்தி ரோடு லாட்ஜுகளில் தங்கி நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் எத்தனையோ பேர். அறிவிப்பு தமிழில் மட்டும் இருந்தால் போதாது, வங்காளம், தெலுங்கு, இந்தியிலும் வேண்டும்.

ஆள் நின்று கணக்கெடுத்தால், பார்க்கிறார்கள் என்று தெரிந்து எல்லாரும் தேய்ப்பார்கள். அதோடு ஸ்டோர் கணக்கையும் பாருங்கள். 1000 நோயாளி நாளுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் ஒரு நோயாளி நாள்) 20 லிட்டராவது ஹேண்ட் ரப் செலவாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவுகோல். 300 படுக்கையும் நிரம்பிய மருத்துவமனையில் மாதம் 9000 நோயாளி நாள்; 180 லிட்டர், அதாவது அரை லிட்டர் பாட்டில் 360. நம் மாவட்ட மருத்துவமனைகள் இந்தக் கணக்கை மாதா மாதம் வார்டு பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தொற்றுக் கட்டுப்பாட்டுப் பணியில் உள்ள செவிலியர் சிலர்,
வேலூர்.